விதையில்லாத ஜாம்

சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. நடுவர் தீர்ப்பெழுதி முடித்ததும் ஊர்க் கண்காட்சிக் கூடாரத்தின் திரை விலகியது. முதல் ஆளாக உள்ளே பாய்ந்த வின்னி அலறிவிட்டாள்.

"ஐயோ, என் ஜாம் பாட்டிலைக் காணோம்! பெரில்தான் திருடிட்டா!"

ஜாம் மேசையில் பெரிலின் பாட்டில்மேல் முதல் பரிசின் சிவப்பு அட்டை சாய்ந்திருந்தது. பக்கத்து இடம் காலி. காலையிலிருந்து கூடாரத்துக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர்: நடுவர், மேசைகளைக் கவனித்துக்கொண்ட பெரில். அவள் வின்னியின் பக்கத்து வீட்டுக்காரி. வாயே திறக்கவில்லை. கான்ஸ்டபிள் பெக் தொண்டையைச் செருமினார். இன்னொரு வார்த்தை போதும், பெரிலின் மானம் கப்பலேறிவிடும்.

மிஸ் லவெலுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஊர்ப் பள்ளியில் காலமெல்லாம் ஆங்கிலம் நடத்தியவள். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்களைக் குழப்பினால் சொந்த அண்ணனையும் விடமாட்டாள்.

"'மிஸ்ஸிங்' வேற, 'ஸ்டோலன்' வேற, வின்னி. காணோம், அவ்வளவுதான் தெரியும்."

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா டீச்சர்!"

"எப்படிச் செஞ்சே அதை?"

"பிளாக்பெர்ரிப் பழம்தான். விதை பல்லுல மாட்டுதுன்னு போன வருஷம் இதே நடுவர் எழுதினாரே! அதான் இந்தத் தடவை துணியில கட்டித் தொங்கவிட்டு, வடிஞ்ச சாறை மட்டும் காய்ச்சினேன். வெளிச்சத்துல பிடிச்சா கண்ணாடிதான்."

மிஸ் லவெல் பெரிலைப் பார்த்தாள். பெரிலின் பார்வை, கூடாரத்தின் மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நடுவரைவிட்டு நகரவில்லை. திருடியவள் போலீஸ்காரரையல்லவா பார்ப்பாள்? டீச்சர் அடுத்த மேசைவரை ஒரு நடை போய்வந்தாள்.

"பெக், கொஞ்சம் பொறு. நடுவர் கார் கிளம்பட்டும்."

கார் கிளம்பியது.

"எடுத்தது பெரில்தான்."

"பாத்தீங்களா!"

"முழுசாக் கேளும்மா. ஜாம்னா பழம் கூழா உள்ளே கிடக்கணும். சாறை மட்டும் காய்ச்சினா அது ஜெல்லி. நாக்குக்கு ரெண்டும் இனிப்புதான், இங்கே ரெண்டுக்கும் மேசை வேற. மாறி இருந்தா நடுவர் வாயில வைக்காமலே 'விதிப்படி இல்லை'ன்னு அட்டை வெச்சுடுவார். ஊரே சிரிக்கும். அதுக்குத்தான் இவ நகர்த்தி வெச்சா. நகர்த்தினது அவர் காதுல விழுந்தா உன் பரிசு போயிடும்னு, நீ திருடின்னு சொல்லியும் மூச்சு விடல."

"பரிசா? எனக்கா?"

ஜெல்லி மேசையில் இன்னொரு சிவப்பு அட்டை. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள் வின்னி. அடியில் அவள் பெயர், அவள் கையெழுத்து. இத்தனை வருடத்தில் ஆறுதல் பரிசுகூட வாங்காதவள். கண் நிறைந்துவிட்டது.

பெக் தலையைச் சொறிந்தார். "இருந்தாலும் நகர்த்தினது தப்புதானே, டீச்சர்?"

"தப்பு வேற, குற்றம் வேற. போய் ஒரு கேக் சாப்பிடு."

வின்னி பெரிலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் டீ குடிக்க வீட்டுக்கு வந்துடு. உன் ஜாமையும் எடுத்துட்டு வாடி, திருடி."