பஞ்சு அடைத்த ஜன்னல்

பழைய மெத்தையைப் பிரித்தால் உள்ளே என்னென்ன கிடைக்கும் என்று அவளுக்கு அத்துப்படி. பருத்தி விதைத்தொலி, தலைமுடி, முறிந்த ஊசி, எப்போதோ காணாமல்போன சட்டைப் பொத்தான். அன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது இவற்றில் எதுவும் இல்லை. பயறு அளவில், நடுவில் லேசாகக் குழிந்து, பழுப்பாக ஒரு சில்லு. நகத்தால் நெருடினாள், பொடிந்தது. அடுத்த பிடிப் பஞ்சிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை எழுந்து மூக்கில் ஏறியது.

லாட்ஜ் மெத்தை, புதுசாகத் தைக்கக் கொடுத்தது என்று சொல்லித்தான் கணவன் கொண்டுவந்திருந்தான். கண்டவன் புரண்ட மெத்தை வேறு எப்படி இருக்கும்? முகத்தைச் சுளித்துக்கொண்டு, அந்தப் பொடியை ஊதித் தள்ளினாள். பஞ்சை அடித்து முன்னறையில் குவித்தாள். குவியலின் மேல் அவளுடைய பெண்குழந்தை வழக்கம்போலக் குதித்துப் புரண்டு, அதிலேயே தூங்கிப்போனது.

அந்தத் தெருவில் அவள் மதிக்கும்படி ஓர் ஆளும் இல்லை. முக்கு வீட்டுத் தையல்காரருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டபோது, வேனல் கட்டி என்று பூசி மெழுகினார்கள். அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, அவர் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் குனிந்து, "தேவலையா அண்ணே?" என்று விசாரித்தார்கள். செத்த பிறகும் விடவில்லை. முகத்தோடு முகம் வைத்து அழுதார்கள். பெரியம்மை வாயிலிருந்து வாய்க்குத் தாவும், பேச்சிலும் இருமலிலும் தெறிக்கும் எச்சிலில் வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஜென்மங்களுக்குத் தெரியாது. இப்போது வீட்டுக்கு வீடு முனகல். நன்றாக முனகட்டும்.

கணவன் அந்த வீடுகளுக்கெல்லாம் போய், படுத்துக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான். சிறு வயதிலேயே அம்மை வந்து போனவன், முகமெல்லாம் குழி. அம்மிக்கல் என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். அம்மிக்கல்லுக்கு இனி ஒன்றும் வராதாம், ஊருக்கு உழைக்கிறதாம். மெத்தையைப் பிரித்த அன்று மாலையே அவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அவன் வண்டிக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். அம்மைத் தடுப்பூசி போட வந்தவரையும் கதவிடுக்கு வழியாகவே விரட்டினாள்.

"அந்த முட்டாளுங்களுக்குப் போய்ப் போடுங்க. இங்க எவன் மூச்சும் வராது."

வரத்தான் விடவில்லை. முன்னறைக் குவியலில் கைக்கு எட்டிய பஞ்சைத் திரித்துத் திரித்து ஜன்னல் இடுக்கில், கதவடியில், சாவித்துவாரத்தில், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அடைத்தாள். மெல்லிய துணியில் பஞ்சு வைத்துத் தைத்துக் குழந்தையின் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள்.

"மூக்கு கூசுதும்மா."

"கூசட்டும். தெருநாத்தம் வராம இருக்கும்."

அடைத்த வீட்டுக்குள் நாட்கள் ஊர்ந்தன. பகலிலும் மங்கல். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. முதுகு வலிக்கிறது என்று அழுதது, வாந்தி எடுத்தது. அவள் ஈரத்துணி போட்டாள். சளிக்காய்ச்சல், வேறென்ன, இந்த வீட்டுக்குள் எது வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்று சாயங்காலம் காய்ச்சல் விட்டது. குழந்தை எழுந்து உட்கார்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெருவை நினைத்து வந்த சிரிப்பு.

கதவு தட்டப்பட்டது.

"நான்தான்."

"எந்த நான்? ஊரைக் காப்பாத்துற அம்மிக்கல்லா? தள்ளி நின்னு பேசு. கதவுல வாயை வைக்காத."

"பாப்பா எப்படி இருக்கா?"

"காய்ச்சல் வந்துச்சு, விட்டுடுச்சு. உன் தெருவாட்டமா என் வீடு?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"ஏம்மா... மூலையில ஒரு மெத்தை சாத்தி வெச்சிருந்தேனே. நீலக்கோடு போட்டது. அதைத் தொட்டியா?"

"தொட்டியாவா? பிரிச்சு அடிச்சே ரொம்ப நாளாச்சு. மெத்தையா அது? குப்பை. லாட்ஜ்காரன் தலையில கட்டினான், நீயும் வாங்கிட்டு வந்த."

"லாட்ஜுது இல்லம்மா."

"பின்ன எவனுது?"

"தையல்காரர் படுத்திருந்தது. புதுசா தைச்சுக் குடுங்கன்னு அவர் வீட்டம்மா கேட்டாங்க. உன்கிட்ட சொன்னா அவங்களையும் என்னையும் சேத்துக் கிழிப்பியேன்னு மாத்திச் சொல்லிட்டேன். பஞ்சுதானே, அடிச்சா எல்லாம் போயிடும்னு நெனச்சேன். ஊசி போடுறவர் இப்பத்தான் சொன்னாரு. கொப்புளம் காஞ்சு உதிர்ந்த பொருக்குலயும் அம்மை இருக்குமாம். துணியில, படுக்கையில எல்லாம் ஒட்டிக்கிட்டுக் கிடக்குமாம்."

அன்று பழுப்புச் சில்லை நெருடிப் பொடித்த நகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பஞ்சு எங்கம்மா?"

ஜன்னலைப் பார்த்தாள். வெளியே காற்று அடித்தது. இடுக்கில் திணித்த பஞ்சு உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது. வீடு மூச்சு விடுவதுபோல. எங்கிருந்தோ நுழைந்த மஞ்சள் வெயில் கீற்றில் துகள்கள் மிதந்தன. மெதுவாக. அறை முழுக்க. அவள் முடியில். கையில். உதட்டில்.

சாவித்துவாரத்தில் பஞ்சு. அதில் ஒரு பழுப்புச் சில்லு.

"கதவைத் தொற. எனக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். தொறம்மா."

"அம்மா."

திரும்பினாள். குழந்தை பின்னால் நின்றது. மூக்குத்துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது. தையல் பிரிந்திருந்தது. பஞ்சு எட்டிப் பார்த்தது. அதிலும் இருந்தது.

"வாயெல்லாம் எரியுது."

முழங்காலிட்டாள். முகத்துக்கு நேராக முகம்.

"பாரேன்."

குழந்தை வாயைத் திறந்தது. நாக்கில் சிவப்புப் புள்ளிகள். அண்ணத்தில். உள்ளே, தொண்டை இருளும் வரை.

இருமியது. சூடான ஈரம் அவள் கன்னத்தில், கண்ணில், திறந்திருந்த உதட்டில் தெறித்தது.

வெளியே அவன் கதவை இடித்தான். இடிக்க இடிக்கப் பஞ்சு உதிர்ந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. குழந்தை இன்னும் வாயைத் திறந்தபடியே நின்றது, அம்மா பார்த்து முடிக்கட்டும் என்று.