மூன்றாவது திரை

திரையின் வலது ஓரத்துக்குப் போன சுட்டி அம்பு அங்கேயே முட்டி நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு அப்பால் திரை எதுவும் இல்லை, பச்சைச் சுவரும் அதில் வரிசையாகத் தொங்கிய குளிர்க் கோட்டுகளும்தான் இருந்தன. ஆனாலும் அது தண்ணீருக்குள் இறங்கும் பாம்பைப் போல வழுக்கிக்கொண்டு போய் மறைந்தது.

"பாத்தியா?" என்றார் சைகல் எஜே. "ஒம்பது நாளா இதைத்தானே சொல்றேன். நீ என் புகாரை மூடுறதும் நான் மறுபடி எழுதுறதுமா இருக்கோம்."

மிர்லான் சிரித்தான். அந்தச் சரக்கு லாரி அலுவலகத்தின் கணினிகளுக்கெல்லாம் அவன் ஒருவன்தான் வைத்தியன். கணக்குப் பிரிவின் சைகலை எல்லோரையும் போல அவனும் எஜே, அக்கா, என்றுதான் அழைப்பான். எஜேயின் ஒன்பது புகார்களின் கீழும் 'பயன்படுத்துபவரின் தவறு' என்று அவன்தான் எழுதியிருந்தான்.

"பிஷ்கேக் ஊர் முழுக்க வீடு காலியா கிடக்கு எஜே. பேய் வந்து கணக்குப் பிரிவுலயா குடியேறும்?"

"கேலி பண்ணாதேப்பா. அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க."

வெள்ளிக்கிழமை நண்பகல். ஆண்கள் எல்லோரும் ஜும்மாவுக்குப் போயிருந்தார்கள். மிர்லானும் போக வேண்டியவன்தான். குளிருக்குச் சோம்பி நின்றுவிட்டான். வெளியே நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து தெருவை மூடியிருந்ததால், பகல் என்று கடிகாரம் மட்டுமே சொன்னது. சன்னலுக்கடியில் வெந்நீர்க் குழாய் விட்டுவிட்டு முனகியது.

அவன் திரை அமைப்பைத் திறந்தான். எஜேயின் லேப்டாப்பிலிருந்து ஒரே கம்பி டாக் என்னும் கறுப்புப் பெட்டிக்குப் போனது. வெளி மானிட்டர், விசைப்பலகை, மின்சாரம் எல்லாம் அந்த ஒரு கம்பி வழியாகத்தான். அமைப்பில் இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும். மூன்று இருந்தன. ஒன்றாம் எண் லேப்டாப். இரண்டாம் எண் மானிட்டர். அதற்கும் வலப்பக்கம், சுவர் இருந்த திசையில், மூன்றாம் எண்.

"டாக் குழம்பிப்போயிருக்கு, அவ்வளவுதான். கம்பியைப் பிடுங்குங்க, முப்பது எண்ணுங்க, திரும்பச் செருகுங்க. நான் கீழ போய் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வந்துடுறேன்."

"மிர்லான்." எஜேயின் குரல் தணிந்தது. "அவங்க தொழுதுட்டு வர்ற வரைக்கும் இங்க உக்காரேன். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உக்காரு."

"பத்தே நிமிஷம் எஜே."

"சரி, ரொட்டியாவது வாய்ல வச்சுட்டுப் போ." மேசையில் துணி விரித்து வட்ட ரொட்டி ஒன்றைப் பிய்த்து வைத்திருந்தார். எடுத்து வைத்த ரொட்டியை ஒரு துணுக்காவது ருசிக்காமல் அவர்கள் ஊரில் யாரும் எழுந்து போவதில்லை.

"கையெல்லாம் தூசி," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

பத்து நிமிடம் இருபதானது. அவன் திரும்பி வந்தபோது எஜேயின் நாற்காலி காலியாக இருந்தது. தேநீர்க் கோப்பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் தொட்டுப் பார்த்தான், வெதுவெதுப்பாக இருந்தது. வாசலில் எஜேயின் பனிக்காலணிகள் அப்படியே கிடந்தன, கோட்டு கொக்கியில் தொங்கியது. அந்தக் குளிரில் அவை இல்லாமல் யாரும் வெளியே காலெடுத்து வைக்க மாட்டார்கள். கழிப்பறைக் கதவைத் தட்டினான். திறந்துதான் இருந்தது. உள்ளே இருட்டு.

"எஜே?"

குழாய் முனகியது.

கம்பி டாக்கில் செருகியே இருந்தது. கட்டங்கள் இப்போதும் மூன்றுதான். அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது: முழுத்திரையைப் படம் பிடித்தால் இணைந்திருக்கும் எல்லாத் திரைகளும் அதில் வரும். கண்ணுக்குத் தெரியாத திரையில் என்ன ஓடுகிறது என்பதும் வரும். விசையை அழுத்தினான்.

படத்தின் இடப்பக்கம் லேப்டாப்பின் திரை. நடுவில் மானிட்டரின் திரை. வலப்பக்கம் இந்த அறை.

இதே அறை, சுவரிலிருந்து பார்ப்பது போல. இதே மேசை, இதே ரொட்டி, ஆவி பறக்கும் கோப்பை. அவன் மட்டும் அதில் இல்லை. அவன் நிற்கும் இடத்தில் சைகல் எஜே நின்றிருந்தார், வாயைத் திறந்து, கண்ணாடிச் சன்னலைத் தட்டுபவரைப் போல இரு கைகளையும் உயர்த்தி.

லேப்டாப்பின் கேமரா மேல் எஜே ஒட்டிய துணிப் பட்டை அப்படியே இருந்தது. மானிட்டருக்குக் கேமராவே கிடையாது.

மறுபடி அழுத்தினான். எஜே இன்னும் அருகில் வந்திருந்தார். அவருக்குப் பின்னால், கதவோரம், இந்த அறையில் இல்லாத ஒரு நீண்ட கோட்டு தொங்கியது. அதன் அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

மறுபடி. பாதங்கள் கதவோரத்தில் இல்லை.

மறுபடி. மேசைக்கு அந்தப் பக்கம்.

மறுபடி.

மிர்லான் விசையிலிருந்து கையை எடுத்தான். தொழிலில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது: ஒரு திரையைப் பிடுங்கினால் அதில் திறந்திருந்த கணினிச் சன்னல்கள் தொலைந்துபோவதில்லை, மிச்சமிருக்கும் திரைக்குத் தாவி வந்துவிடும். அவன் கம்பியைப் பிடுங்கினான்.

மானிட்டர் கறுத்தது. லேப்டாப் ஒருமுறை இமைத்தது.

எஜே வந்துவிட்டார்.

ஆனால் பெரிய திரையில் இருந்ததைச் சிறிய திரை அப்படியே கொள்ளாது. அளவுக்குத் தக்கபடி குறுக்கிக்கொள்ளும். எஜேயின் தோள்கள் இரு ஓரங்களிலும் மடங்கியிருந்தன. கழுத்து சாய்ந்து கன்னம் கண்ணாடியில் அப்பியிருந்தது. கண்கள் அசைந்தன. உயிரோடு இருந்தார். கோட்டு வரவில்லை.

"எஜே! கேக்குதா? நான்தான். இங்கதான் இருக்கேன்."

எஜேயின் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. மூலையில் மின்கலத்தின் அளவு காட்டியது: பதினொரு சதவீதம். பழைய மின்கலம். எப்போதும் டாக்கிலேயே கிடந்து செத்துப்போனது. பத்து.

பக்கத்து மேசையின் டாக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடிச் செருகினான். மின்சாரம் ஏறியது. உடனே மூன்றாம் கட்டமும் முளைத்தது. யாரோ கூந்தலைப் பற்றியது போல எஜேயின் தலை வலப்பக்கம் வெட்டி இழுபட்டது. பிடுங்கினான். அவர் திரும்பி வந்தார், இன்னும் ஒடுங்கி. இடது காதிலிருந்து ஏதோ கறுப்பாக வழிந்தது.

எட்டு. தனிச் சார்ஜர்கள் கிடங்கில் இருந்தன. ஒரே கம்பி போதும் என்று அவன்தான் அவற்றைச் சேகரித்துப் பூட்டினான். சாவி, எல்லோரும் பைகே, அண்ணன், என்று கூப்பிடும் மேலாளர் சகின்பெக்கிடம் இருந்தது. தன் கைபேசிச் சார்ஜரைச் செருகினான். எண் ஏறவில்லை. ஏழு.

அவன் சகின்பெக்குக்குப் போன் செய்தான். தொழுகை. அணைத்து வைத்திருந்தார்.

லேப்டாப்பை எஜேயின் மேசையில் வைத்துவிட்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தான். எஜேயின் உள்ளங்கை கண்ணாடிக்குப் பின்னால் சப்பையாக ஒட்டியிருந்தது. தன் கையை அதன் மேல் வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

"போமாட்டேன் எஜே. சத்தியமா போமாட்டேன். அவர் வந்துருவார். சாவி வந்துரும்."

எஜே அழுதார். அழுதபடியே தலையை மெல்ல ஆட்டினார். அரை மணி நேரத்துக்கு முன் அவர் கேட்டது இவ்வளவுதான். அல்லாஹ்வே, இவ்வளவுதான். ஐந்து.

படிக்கட்டில் காலடிகள். சிரிப்பு. பனியை உதறும் ஓசை.

"பைகே! சாவி! கிடங்குச் சாவி!" மிர்லான் கையை எடுக்காமலே கத்தினான்.

சகின்பெக் பைகே தொப்பியைக் கழற்றியபடி உள்ளே வந்தார். தொழுதுவிட்டு வந்த முகம், நிறைவாக இருந்தது. "என்னடா, வீடு பத்தி எரியுற மாதிரி அலறுறே? சைகல் எங்க? எனக்கு அறிக்கை வேணுமே."

"சார்ஜர் வேணும் பைகே, சீக்கிரம், அவங்க இதுக்குள்ள..."

"சார்ஜரா?" பைகே மேசைக்குப் பின்பக்கம் குனிந்தார். "கம்பி கழண்டு தொங்குது, இது கூடத் தெரியாம நீ என்ன வைத்தியன்?"

"வேணாம்! பைகே, தொடாதீங்க!"

சொருகும் சத்தம் சின்னதாகக் கேட்டது.

மிர்லானின் உள்ளங்கைக்கடியில் கண்ணாடி சில்லிட்டது. மானிட்டர் பளிச்சென்று எரிந்தது. படம் தெளிவாக, ஆடாமல், ஒன்பது நாளில் இல்லாத அளவு அழகாக வந்தது.

"அவ்வளவுதான்," என்றார் பைகே. "இதுக்குப் போய்." அவர் தேநீர் ஊற்றத் திரும்பிவிட்டார்.

மிர்லான் மட்டும் பார்த்தான். மானிட்டரின் வலது ஓரத்தை உள்ளிருந்து நான்கு விரல்கள் பற்றியிருந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. அப்பால் எதுவோ இழுத்தது.

மூன்று விரல்கள்.

இரண்டு.