படகில் தூங்குபவர்

யூஜீனியாவுக்குச் செபம் வாயில் வராது. கையில்தான் வரும்.

செபமாலை தொடங்கினால் மூன்றாவது மணியிலேயே அவள் நினைப்பு எங்கேயோ போய்விடும். ஒரு பென்சிலைக் கொடுத்தால் அசையமாட்டாள். யாருக்காக வேண்ட நினைக்கிறாளோ அவரைப் படமாகக் கீறுவாள். கீறி முடியும்வரை அவர் பக்கத்திலேயே இருப்பாள். அதுதான் அவள் செபம்.

போன வருடம் தம்பி காய்ச்சலில் கிடந்தபோது, அவன் பந்து அடிப்பதுபோல மூன்று நாள் கீறினாள். தம்பி சுகமாகி எழும்பினான். எழும்பியதும், "எனக்கு ஏன் இவ்வளவு பெரிய காது?" என்று சண்டை பிடித்தான்.

இன்றைக்கு அவள் கீறவேண்டியது அப்பாவை.

அப்பா சாள்ஸும் ஜௌபர் மாமாவும் நேற்றுப் பின்னேரம் கற்பிட்டிக் கரையிலிருந்து ஒரே படகில் கடலுக்குப் போனார்கள். காலையில் வந்திருக்க வேண்டும். இப்போது பகல் பன்னிரண்டு மணி. இரண்டு பேருடைய போனும் வேலை செய்யவில்லை. விடியும்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று திடீரென்று எழும்பிவிட்டது. நான்கு படகுகள் தேடப் போயிருந்தன.

யுத்தம் முடிந்தபின் இரவிலும் கடலுக்குப் போக விடுகிறார்கள். அது நல்லது என்றுதான் நேற்று வரை எல்லோரும் சொன்னார்கள்.

ஜௌபர் மாமாவின் மனைவி லெய்லா மாமியும் மகள் முஃப்லிஹாவும் யூஜீனியா வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கடலுக்குக் கிட்டிய வீடு அதுதான். அம்மாவும் அப்பாவின் அக்கா பாக்கியம்மா மாமியும் செபமாலை சொன்னார்கள். பக்கத்துப் பாயில் லெய்லா மாமி கண்ணை மூடித் தஸ்பீஹ் மணிகளை உருட்டினார். இரண்டு மாலைகளும் ஒரே மாதிரித்தான் சத்தம் போட்டன.

யூஜீனியா பழைய கலண்டர் தாளைத் திருப்பித் தரையில் விரித்தாள்.

"எல்லாரும் அழுதுகிட்டிருக்கிறாங்க, இவளுக்குப் படம்!" என்றார் பாக்கியம்மா.

"விடுங்க மச்சாள்," என்றார் அம்மா. "அவளும் செபந்தான் சொல்றா."

யூஜீனியா படகைக் கீறினாள். முஃப்லிஹா வந்து பக்கத்தில் நின்றாள்.

"நானும் கீறட்டா? என்ட வாப்பாவும் அதுலதானே இருக்காங்க."

யூஜீனியா பென்சில் பெட்டியை நடுவில் வைத்தாள்.

"உன்ட படகு நேராப் போகுது," என்றாள் முஃப்லிஹா. "இந்தக் காத்துல நேராப் போகாது."

படகை அழித்துச் சரித்துக் கீறினார்கள். முஃப்லிஹா அலைகளைக் கீறினாள். யூஜீனியா எஞ்சினடியில் அப்பாவை வைத்தாள். நடுவில், வாளியால் தண்ணீர் இறைக்கும் ஜௌபர் மாமாவை வைத்தாள்.

"வாப்பாட தாடி இவ்வளவு நீளமில்ல."

"அழிக்கவா?"

முஃப்லிஹா கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாம். நேத்துப் போனாங்கதானே. வளர்ந்திருக்கும்."

யூஜீனியா பென்சிலைக் கூராக்கினாள். "இப்ப ஆண்டவர். ஒரு நாள் இப்படித்தான் பெரிய காத்து. ஆண்டவர் படகுக்குப் பின்பக்கம் நல்ல நித்திரை. கூட இருந்தவங்க பயந்து எழுப்பினாங்க. எழும்பி ஒரு சொல்தான் சொன்னார். கடல் அடங்கிட்டுது."

படகின் பின்பக்கத்தில் ஒரு முகத்தின் வட்டத்தைக் கீறத் தொடங்கினாள். முஃப்லிஹா தாளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஈஸா நபியவங்களையா கீறப் போற?"

"ஓம், இயேசு ஆண்டவரத்தான்."

"நபிமார்ட முகத்த நாங்க கீறக் கூடாது."

"நீ கீறாத. நான் கீறுறன்."

முஃப்லிஹா நீலப் பென்சிலைப் பெட்டியில் வைத்தாள். கதவடியில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள்.

யூஜீனியாவின் பென்சில் நின்றது.

முகத்தைக் கீறினால் முஃப்லிஹா வரமாட்டாள். கீறாவிட்டால் படகில் ஆண்டவர் இல்லை. ஆண்டவர் இல்லாத படகில் அப்பாவை எப்படி விடுவது? ஜௌபர் மாமாவைத்தான் எப்படி விடுவது?

ஆண்டவர் தூங்கினார். அதுவும் படகில்.

படகில் எப்படித் தூங்குவது என்று அப்பா ஒருமுறை கட்டிலில் படுத்துக் காட்டியிருக்கிறார். முகத்தில் கடல்தண்ணீர் தெறிக்கும். அதனால் உடுத்திய சாரத்தைத் தலைக்கு மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

யூஜீனியா அந்த வட்டத்தை அழித்தாள். அவசரமாகக் கீறினாள்.

"முஃப்லிஹா, வந்து பாரு."

"மாட்டன்."

"முகம் இல்லடி. வா."

முஃப்லிஹா வந்தாள். படகின் பின்பக்கத்தில் ஒருவர் தலையோடு சாரத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"கால் தெரியுதே," என்றாள்.

"காலும் கூடாதா?"

முஃப்லிஹா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா கண் திறக்கவில்லை. "இப்ப கேக்க ஏலாது. மூடிவிடு."

சாரம் எட்டவில்லை. முஃப்லிஹா பச்சைப் பென்சிலை எடுத்து, காலுக்கு இன்னொரு சாரத்தைப் போர்த்திவிட்டாள். பிறகு யோசித்தாள்.

"அல்லாஹ் தூங்க மாட்டான்," என்றாள். "ஆனா நபிமார் தூங்குவாங்க. அதனால பரவால்ல."

"இவர எழுப்பணும்."

"எப்படி எழுப்புற?"

அது யூஜீனியாவுக்கும் தெரியாது. "கையை எடுக்காமக் கீறுவம்," என்றாள்.

இருவரும் குனிந்து கடலுக்கு நிறம் தீட்டினார்கள். ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி ஆயிற்று. நீலம் தீர்ந்துபோனது. ஊதாவை எடுத்தார்கள்.

பாக்கியம்மா தண்ணீர் குடிக்க எழும்பி வந்தவர், எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, கருவாட்டு மூட்டையா?"

"ஆண்டவர், மாமி. நித்திரை."

பாக்கியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த மூலைக்கு இன்னும் கலர் அடிக்கல்ல," என்றார். கையை நீட்டி ஒரு பென்சிலும் வாங்கிக்கொண்டார்.

மூன்று பேரும் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் கரையிலிருந்து கூச்சல் கேட்டது.

எல்லோரும் ஓடினார்கள். காற்று தணிந்திருந்தது. முன்னால் ஒரு படகு வந்தது. அதற்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்தபடி இன்னொரு படகு. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையை உயர்த்தினார். மற்றவர் கையில் இன்னும் வாளி இருந்தது.

அம்மாவும் லெய்லா மாமியும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

எஞ்சின் நின்றுபோனதாம். போன்கள் நனைந்துவிட்டனவாம். அலை உள்ளே அடிக்க அடிக்க, மாறி மாறி இறைத்தார்களாம். உதடு வெடித்திருந்ததால் இருவருக்கும் அப்போதைக்கு அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அப்பா தரையில் கிடந்த படத்தைக் கண்டார். எஞ்சினடியில் தன்னைக் கண்டுபிடித்தார். பிறகு பின்பக்கத்தைப் பார்த்தார்.

"இங்க நான் எஞ்சினோட மல்லுக்கட்டுறன். ஜௌபர் நானா, நீங்க போர்த்துக்கிட்டுப் படுத்திருக்கிறீங்க!"

"நான் படுத்தனா?" ஜௌபர் மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு கண் மூடியிருப்பனா? இந்தா, நடுவுல தண்ணி இறைக்கிறது நான்தான். தாடியப் பாரு!"

"அப்ப இது யாரு?"

"அதத்தான் நானும் கேக்கிறன். மகள், இது யாரு?" என்று ஜௌபர் மாமா உரத்துக் கேட்டார்.

யூஜீனியாவும் முஃப்லிஹாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெல்லமாக் கதைங்க வாப்பா," என்றாள் முஃப்லிஹா. "எழும்பி வேலைய முடிச்சிட்டு, இப்பதான் திரும்பப் படுத்தாங்க."

ஜௌபர் மாமா போர்த்திப் படுத்திருந்தவரைக் குனிந்து பார்த்தார். பிறகு தேத்தண்ணீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.