அப்பா நிற்கும் வாசல்

ஹதாஸுக்குப் புடாபெஸ்ட் பிடிக்கவில்லை. அதற்கு முன் வியன்னா பிடிக்கவில்லை. அதற்கும் முன் பிராக் பிடிக்கவில்லை.

மூன்றும் அரண்மனைகளும் பாலங்களுமாக மின்னுகிற ஊர்கள்தான். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு எரிச்சலாக வந்தது. அம்மா இல்லாதபோது இத்தனை கோபுரங்கள் யாருக்காக மின்னுகின்றன?

இந்தப் பயணத்துக்கு ஆசை ஆசையாகத் திட்டம் போட்டது அம்மாதான். யூதர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களை மூன்று பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். கோடையில் அப்பாவும் ஹதாஸும் மட்டும் ஒரு சுற்றுலாக் குழுவோடு வந்திருந்தார்கள்.

"எல்லாரும் இறங்குங்க!" வழிகாட்டி ஷிம்ரித் ஆரஞ்சு நிறக் குடையை ஆட்டினாள். "பழைய கல்லறைத் தோட்டம். அரை மணி நேரம்தான். அடுத்தது படகு. அது நமக்காகக் காத்திருக்காது."

"படகுல சாப்பாடு உண்டா?" பின் சீட்டிலிருந்து ட்சிப்போரா கேட்டார். பருத்த உடம்பும் அதைவிடப் பருத்த கைப்பையுமாகப் பயணம் வந்திருந்த பெண்மணி அவர்.

"இப்பதானே சாப்பிட்டீங்க?"

"அது பஸ் சாப்பாடு. நான் படகு சாப்பாட்டைக் கேக்கறேன்."

பேருந்தே சிரித்தது. ஹதாஸ் சிரிக்கவில்லை. முதலில் இறங்கி இரும்பு வாசல்வரை போன அப்பா அங்கேயே நின்றுவிட்டதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"நான் இங்க நிக்கறேன். நீ போயிட்டு வாம்மா" என்றார் அப்பா, அவள் இறங்கி வந்ததும். "இங்க அடக்கமான உன் கொள்ளுத்தாத்தா பேரு ஞாபகம் இருக்கில்ல? மெனாஹெம் கஹானா."

அவர்களுடையது கோஹன் குடும்பம். ஜெருசலேமின் பழைய ஆலயத்தில் வழிபாடு நடத்திய வம்சம். அந்த வம்சத்து ஆண்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைப்பதில்லை. மிக நெருங்கிய உறவினரை அடக்கம் செய்யும் நாளில் மட்டும் போவார்கள். பெண்களுக்கு இந்தத் தடை இல்லை. இதெல்லாம் ஹதாஸுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

"பிராக்லயும் வாசல். வியன்னாலயும் வாசல். நம்ம ஊர்லயும் வாசல்!" அவள் கத்தினாள். "மாசாமாசம் நானும் சித்தியும்தான் அம்மாகிட்ட போறோம். நீங்க கார்ல சாஞ்சுகிட்டு நிக்கறீங்க!"

"ஹதாஸ், மெதுவா..."

"உங்களுக்கு இந்தச் சட்டம் வசதியா இருக்கு! உள்ள வந்து அழ வேண்டாம் பாருங்க!"

அப்பாவின் முகம் வெளுத்தது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. ட்சிப்போரா மட்டும் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினார்.

ஹதாஸ் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

நடுப்பாதை நெடுகக் கறுப்புப் பளிங்குக் கல்லறைகள், சின்னச் சின்ன மாளிகைகள் மாதிரி நின்றன. வங்கி முதலாளிகள், பேராசிரியர்கள், மருத்துவர்கள். மெனாஹெம் கஹானா எங்கேயும் இல்லை.

"எங்க போய் ஒளிஞ்சிருக்கீங்க?" என்று அவரையும் திட்டினாள்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். ட்சிப்போரா வந்துகொண்டிருந்தார்.

"நானும் தேடட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"உனக்காக இல்லடி. பஸ்ல உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு."

இருவரும் சேர்ந்து தேடினார்கள். தோட்டத்தின் எல்லைச் சுவர்வரை வந்தபோது ஹதாஸ் சட்டென்று நின்றாள். ஒரு கல்லில், விரல் விரித்த இரண்டு கைகள் செதுக்கப்பட்டிருந்தன. ஆசி வழங்கும் கைகள். கோஹன்களின் கல்லறை அடையாளம். பக்கத்துக் கல்லிலும் அதே கைகள். அதற்கடுத்த கல்லிலும்.

"பணக்காரங்க எல்லாம் நடுவுல. எங்க ஆளுங்கள மட்டும் ஓரமாத் தள்ளி வெச்சிருக்காங்க!" அவளுக்கு மறுபடியும் ஆத்திரம் பொங்கியது.

இடுப்பளவுச் சுவர், அதன்மேல் இரும்புக் கம்பிகள், அதற்கப்பால் தெரு. கம்பிகளுக்கு வெளியே ஒருவர் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு கிட்டத்தில்! பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பார்.

ஹதாஸ் அந்த ஆளையும் கல்லறைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தள்ளி வைக்கல" என்றாள் மெதுவாக. "இவங்க பிள்ளைங்க உள்ள வர முடியாது. அதனால தெருவில நின்னு பாக்கற மாதிரி வெச்சிருக்காங்க."

"அட!" என்றார் ட்சிப்போரா.

வரிசையின் கடைசிக் கல்லைக் கொடிகள் மூடியிருந்தன. இருவரும் பிய்த்து எறிந்தார்கள். முதலில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு பெயர் தெரிந்தது.

"அப்பா!" ஹதாஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "வாசலை விட்டுட்டு வாங்க! தெருவோட வாங்க! கடைசிவரைக்கும்!"

அப்பா ஓடி வந்தார். கம்பிக்கு வெளியே நின்று, தன் தாத்தாவின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"உங்கம்மாவுக்கும் இப்படி ஓரமா ஒரு இடம் கேட்டேன்" என்றார். "கல்லறை ஆபீஸ்ல சண்டை போட்டேன். மேசையைக் குத்தினேன். இடம் இல்ல, வரிசைப்படிதான்னுட்டாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரல, ஹதாஸ்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயும் கோபப்படுவியேன்னுதான்."

"இப்ப மட்டும் என்ன, சந்தோஷமாவா இருக்கேன்?"

ஹதாஸ் யோசித்தாள்.

"நம்ம ஊர்ல ஏன் வாசல்ல நிக்கறீங்க? அங்கிருந்து அம்மா தெரியுதா?"

"தெரியல. ஆனா அதுதானே கிட்ட?"

"யாரு சொன்னா? அம்மா இருக்கறது அந்தக் கோடியில. அவளுக்குப் பின்னால ஒரே ஒரு வரிசை. அதுக்கப்புறம் குட்டைச் சுவர். சுவருக்கு வெளிய டயர் கடை."

"டயர் கடையா?"

"அங்க டயரைத் தட்டற சத்தம் எனக்குக் கேக்கும். சுவரோரமா நின்னா அம்மா பேரையே படிக்கலாம்."

"அடக்கம் பண்ணின அன்னிக்கு என் கண்ணுல எதுவுமே படல" என்றார் அப்பா. பிறகு கம்பியை ஓங்கி அறைந்தார். "இத்தனை மாசமா நேர் எதிர்ப்பக்கம் நின்னிருக்கேன்! முட்டாள்! முட்டாள்!"

"ஆமா" என்றாள் ஹதாஸ். "நானும்தான். வந்து வந்து கத்தினேனே தவிர, ஒரு தடவைகூடக் கேக்கல."

வாசல் பக்கமிருந்து ஷிம்ரித்தின் குரல் வந்தது. "நேரமாச்சு! படகு போயிடும்!"

"போனா போகட்டும்!" என்று அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள். ட்சிப்போராவின் முகம் மட்டும் கொஞ்சம் வாடியது.

யூதர் கல்லறைக்கு வருபவர்கள் பூ வைப்பதில்லை. ஒரு சிறு கல்லை வைப்பார்கள். அப்பா தெருவில் ஒரு கல்லைத் தேடி எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். ஹதாஸ் அதைக் கொள்ளுத்தாத்தாவின் கல்லறைமேல் வைத்தாள். அப்பா வெளியே நின்று அழுதார். அவள் உள்ளே நின்று அழுதாள். நடுவில் இருந்தது ஒரு முழ அகலச் சுவர்தான்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பா கேட்டார். "ஏம்மா, மாசாமாசம் போய் நின்னா அந்தக் கடைக்காரர் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாரா?"

"டயர் மாத்த வந்தேன்னு சொல்லுங்க. நம்ம கார் டயர் தேஞ்சுதானே கிடக்கு?"

"அதுவும் சரிதான்."

"ஆனா அப்பா," ஹதாஸ் கம்பி இடுக்கில் முகத்தை வைத்துக் கண்டிப்பாகச் சொன்னாள், "நாலையும் ஒரே நாள்ல மாத்திடாதீங்க. மாசத்துக்கு ஒண்ணுதான்."