நான்காம் ஆதாரத்தின் வால்

"கொன்னுட்டே! பட்டப்பகல்ல, என் கண்ணெதிர்லயே—"

"டாக்டர், நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"பத்து மடங்கு மருந்து! இதயமே நின்னு—"

"—அந்த அளவை நானா சொந்தமா கண்டுபிடிக்கலை!"

கட்டிலில் கிடந்தது அந்த உடல். கண்கள் திறந்தபடி... வாய் பிளந்தபடி... தலைமாட்டுத் திரையில் பச்சைக் கோடு நேராக ஓடியது.

பெயர் வால்டர். இந்தப் பருவத்தில் இது அவனுக்கு நாற்பத்தோராவது சாவு.

ரப்பர் பொம்மைதான்! கனடாவில், மனிடோபாவின் ரெட்வில்லோ மருத்துவக் கல்லூரியில், மாணவர்கள் கையால் செத்துச் செத்துப் பிழைப்பதே அவன் தொழில்.

இன்றைய பரீட்சையில் உண்மையில் ஊசலாடிக்கொண்டிருந்த உயிர் வேறு. மூன்றாம் ஆண்டு மாணவி நோயல் டேஜார்லேயின் படிப்பு!

பேராசிரியர் ப்ரௌஸ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"உன் கட்டுரையில 'இருபது மில்லிகிராம், ஆதாரம் நாலு'ன்னு போட்டிருக்கே. நாலாவது ஆதாரம் எது? நம்ம கல்லூரியோட இணையக் கையேடு. நான் எழுதின பக்கம்! பாரு... என்ன இருக்கு?"

நோயல் பார்த்தாள்.

இரண்டு!

"அன்னைக்கு இருபதுன்னுதான் இருந்துச்சு, டாக்டர்! சத்தியமா!"

"இல்லாததை இருக்குன்னு ஆதாரம் காட்டறது மோசடி. மூணு மணிக்கு ஒழுங்குக் குழு கூடுது. அதோட உன் டாக்டர் கனவு குளோஸ்!"

மணி இரண்டு இருபது.

நோயல் நூலகத்துக்கு போன் அடித்தாள். அவள் ஆதாரப் பட்டியலைச் சரிபார்த்த ஆளுக்கு; அந்தக் கல்லூரியிலேயே அவளுக்கு அறவே பிடிக்காத ஆளுக்கு!

பனி பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளி சாக்ஸோடு வந்தாள் நூலகர் ஓக்ஸானா ஹ்ரின்சுக். வயது அறுபத்திரண்டு. கையில் சாப்பாட்டு டப்பா. உள்ளே பெரோகிக் கொழுக்கட்டைகள் பாதி மிச்சம். ஆதாரப் பட்டியலில் ஒரு தேதி விட்டுப்போனால் கட்டுரையையே திருப்பி அனுப்பும் ராட்சசி!

"யாரு, வால்டரா? பாவம்... நோயல், நாலாவது ஆதாரத்தைப் படி."

"எழுதியவர் ப்ரௌஸ்... திருத்திய நாள் ஜனவரி ஒன்பது... பார்த்த நாள் மார்ச் மூணு..."

"டாக்டர், இப்போ பக்கத்தோட அடியில திருத்திய நாள் என்ன போட்டிருக்கு?"

"அதே ஜனவரி ஒன்பது!" ப்ரௌஸ் சிரித்தார். "அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடவே இல்லை. போதுமா?"

ஓக்ஸானா நோயல் பக்கம் திரும்பினாள்.

"போதாது. வரி இன்னும் முடியலையே. மிச்சத்தையும் படி, பொண்ணே."

"மிச்சம் ஏதோ புரியாத எழுத்து, வால் மாதிரி நீளமா... நீங்கதான் மேடம் சேர்க்கச் சொன்னீங்க. நாலு தடவை திருப்பி அனுப்பினீங்க!"

"மனசுக்குள்ள என்னைத் திட்டியிருப்பே."

"வாய்விட்டே திட்டினேன், மேடம்."

"நல்லது. அந்த வாலை அமுக்கு."

அமுக்கினாள்.

திரை மாறியது. மேலே நூலக முத்திரை. மார்ச் மூன்றாம் தேதி எடுத்த நகல். அதே பக்கம். அடியில் அதே ஜனவரி ஒன்பது.

மருந்தளவு...

இருபது!

"இணையப் பக்கம் பச்சோந்தி, டாக்டர். பார்த்த அன்னைக்கே ஒரு நகல் எடுத்து நூலகத்துல வெச்சு, அதோட முகவரியை வரிக்கடைசியில ஒட்டணும்கறது என் சட்டம். ஆசிரியர் கூட்டத்துல 'கிழவிக்கு வேற வேலையில்லை'ன்னு சிரிச்சீங்களே... அதே சட்டம்!"

ப்ரௌஸின் நெற்றியில் வியர்வை. வெளியே மைனஸ் பதினெட்டு!

"அது... தட்டச்சுப் பிழை. ஒரு சைபர் கூடிப்போச்சு. நேத்து திருத்திட்டேன். அவ்ளோதானே?"

"நேத்தா?" நோயல் நிமிர்ந்தாள். "முந்தாநாள்தானே என் கட்டுரையைக் குடுத்தேன்! அதைப் படிச்சுத்தான் உங்க தப்பு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லாம, இன்னைக்குப் பரீட்சையில என்னை ஊசி போட விட்டு—"

"அடுத்த வாரம் கையேட்டுக்குத் தலைமைப் பதிப்பாசிரியரைத் தேர்ந்தெடுக்கறாங்க," என்றாள் ஓக்ஸானா. "நீங்களும் நிக்கறீங்க. அதான் அளவை மட்டும் மாத்திட்டு, தேதியை மாத்தலை. சரியா, டாக்டர்?... ஏய், நீயும் ரொம்பக் குதிக்காதே! ஒரே ஆதாரத்தை நம்பி இருபதை ஏத்தினது உன் தப்பு. வார்டுல வால்டர் இருக்க மாட்டான். மனுஷன் படுத்திருப்பான்."

நோயல் தலையைத் தாழ்த்தினாள். "சரி, மேடம்."

மணி இரண்டு ஐம்பது.

ஓக்ஸானா ஒரு பெரோகியை வாயில் போட்டுக்கொண்டு தட்டச்ச ஆரம்பித்தாள்.

"என்ன... என்ன எழுதறீங்க?" ப்ரௌஸ் எட்டிப் பார்த்தார்.

"குழுவுக்கு அறிக்கை. 'தட்டச்சுப் பிழை, நேத்து திருத்திட்டேன்.' நேர்ல சொன்னது, மார்ச் பதினொண்ணு."

"ஓக்ஸானா, ப்ளீஸ்... பொண்ணு மேல தப்பில்லைன்னு எழுதிடுங்க. ஆனா என் பேரு மட்டும் வேண்டாமே..."

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"பேரில்லாத ஆதாரத்தை நான் ஏத்துக்கறதே இல்லை, டாக்டர். உங்க நடுப்பேரோட இனிஷியல் என்ன?"