ஆறாவது மாடிக்குப் போன புகார்ச் சீட்டு

முதலில் வந்தது குடை. அப்புறம் தண்ணீர். அதற்கப்புறம்தான் ஆள்.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தவன், நேராக அவள் மேஜைக்கு முன்னால் நின்று குடையை மடக்கினான். வெளியே பெய்த மழையில் பாதி அவள் கீபோர்டின் மேல் கொட்டியது.

"ஐயையோ... சாரி, சாரி, சாரி!"

"ஒண்ணு கீபோர்டுக்கு. மிச்சம் ரெண்டும் எனக்கா?" என்றபடி அவள் கைக்குட்டையை எடுத்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்து நிமிர்ந்தவள்... அப்படியே நின்றுவிட்டாள்.

ஆள் நெட்டை. தலை முதல் கால் வரை தெப்பலாக நனைந்திருந்தான். ஆனால் நெஞ்சோடு அணைத்திருந்த லேப்டாப் பையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இமை நுனியில் ஒரே ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... பயந்துபோய், பாவமாய், கொஞ்சம் சிரிப்பாய்.

"நீங்க நனைஞ்சுட்டு லேப்டாப்புக்கா குடை பிடிச்சீங்க?"

"எனக்கு ஜலதோஷம் வந்தா சரியாயிடுங்க. இதுக்கு வந்தா வேலை போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு ஒரு சீட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

எட்டு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அவளுடைய உதவி மேஜை. யாருடைய கணினி படுத்தாலும் இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் கட்டடம் முழுக்க அவளுக்கு டாக்டர் என்றே பெயர். அந்த டாக்டருக்கு ஒரு பிடிவாதம். புகார்ச் சீட்டு எழுதாமல் எந்தக் கணினியையும் தொட மாட்டாள்.

"அவசரம்ங்க. பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் வர்றாங்க. ஆறாவது மாடியில எல்லாரும் காத்துட்டிருக்காங்க..."

"டைரக்டரே வந்தாலும் சீட்டுதான்."

அவன் எழுதினான். என்ன பிரச்சினை: எதுவுமே வேலை செய்யவில்லை. எப்போதிலிருந்து: காலையிலிருந்து.

"எதுவுமேன்னா? கண்ணு, காது கூடவா?"

"கண்ணு இப்பதாங்க வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு."

சொல்லிவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சட்டென்று லேப்டாப்பைத் திறந்து திரைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். காது மடல் மட்டும் ஏனோ சுட்டது.

திரையில் சிவப்பு எழுத்துகள். அவளுக்குப் பழக்கமான நோய்தான். ஒரு மென்பொருளுக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை எல்லாம், ஒரே ஒரு வரிக் கட்டளையில் கொண்டுவந்து அடுக்கித் தரும் வேலைக்காரன் பேக்கேஜ் மேனேஜர். அந்த வேலைக்காரன் விண்டோஸோடு மல்லுக்கு நின்று, 'எனக்கு அனுமதி இல்லை' என்று கையை விரித்திருந்தான்.

"அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணீங்களா?"

"ஆமா..."

"எத்தனை தடவை?"

"மூணு... நாலு... ஒரு ஏழு தடவை இருக்கும்."

"கிழிஞ்சுது! அட்மின் அதிகாரத்துல போட்ட ஃபைல் எல்லாம் அட்மினோட சொத்து. நாளைக்கு நீங்க சாதாரணமா போய்த் தொட்டா, யாருப்பா நீன்னு கேக்கும். உடனே மறுபடி அட்மினா போவீங்க. இன்னும் நாலு ஃபைல் கை மாறும். இந்த மாசம் நீங்க பதினேழாவது ஆள். எல்லாம் அந்த உதவிக்குறிப்பைப் பார்த்து வந்த வினை."

"எந்தக் குறிப்பு?" அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"உங்க மாடி ஆளுங்கதாங்க ஆபீஸ் உதவிப் பக்கத்துல போட்டிருக்காங்க. 'பர்மிஷன் எரர் வந்தால் யோசிக்காதே, அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் செய், முடிந்தது'ன்னு. மாத்தச் சொல்லி அதுல இருந்த முகவரிக்கு ரெண்டு மெயில் போட்டேன், ஒரு பதிலும் இல்லை. அதை எழுதின மகான் மட்டும் என் கையில கிடைச்சாரு... இந்த ஸ்டேப்ளராலேயே அவர் வாயைத் தைப்பேன்."

அவனுக்குப் புரை ஏறியது. பாவம், நனைந்ததால் இருமல் வந்துவிட்டது போல என்று நினைத்து, அவள் தன் சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கை நீட்டினாள்.

பழைய பாகங்கள் குவிந்திருந்த ஃபோல்டரை அழிக்கப் பார்த்தாள். அது அழியமாட்டேன் என்றது. மறுபடி பார்த்தாள். அசையவில்லை. திரையின் அடியில் கண்ணை ஓட்டியவள் மெல்லச் சிரித்தாள்.

"இந்தக் கறுப்பு ஜன்னல் எப்போ திறந்தது?"

"காலையில... சோதனைக்கு ஓட்டினேன். மூடிட்டேன்னு நினைச்சேன்."

"சுருக்கி வச்சிருக்கீங்க, மூடலை. அது இன்னும் உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு. இந்த ஃபைலை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு விடமாட்டேங்கிறது யாரு தெரியுமா? நீங்களேதான்."

அவன் அசடு வழிந்தான். அசடு வழிந்தாலும் அழகாய்த்தான் இருந்தான் என்பது அவள் மனசுக்குள் மட்டும் பதிவானது.

ஜன்னலை மூடினாள். ஃபோல்டர் சமர்த்தாக அழிந்தது. இனிமேல் பாகங்கள் எல்லாம் அவனுடைய சொந்த ஃபோல்டருக்குள்ளேயே வந்து இறங்கும்படி பாதையை மாற்றினாள். அட்மின் இல்லாத சாதா ஜன்னலைத் திறந்து ஒரு வரி தட்டினாள். சிவப்பு இல்லை... ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

"அவ்வளவுதானா?" என்று குனிந்து பார்த்தான். இமையில் தொங்கிய துளி, இத்தனை நேரம் கழித்து, அவள் புறங்கையில் விழுந்தது.

"அவ்வளவுதான்" என்றாள். கையை அவள் துடைக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவன் மறுபடி வந்து நின்றான். மவுஸ் மெதுவாக நகர்கிறதாம். சீட்டு எழுதினான். அதற்கு மறுநாள் திரை ரொம்ப வெளிச்சமாக இருக்கிறதாம். அதற்கும் சீட்டு. நாலாம் நாள் இரண்டு கோப்பை டீயோடு வந்தான். "என்ன பிரச்சினை?" என்று கேட்டாள். "டீ ஒண்ணு அதிகமா வந்துடுச்சுங்க" என்றான். அதற்குச் சீட்டு கேட்க அவளுக்கே வாய் வரவில்லை.

அப்படியே பதினோரு மணி என்பது டீ மணியானது. அவன் ஆறாவது மாடிக் கதைகளைச் சொல்வான். இந்த வெள்ளிக்கிழமை தன் குழுவின் தலைமைப் பொறுப்பு தனக்குக் கிடைக்கலாம் என்று ஒருநாள் கூச்சத்தோடு சொன்னான். சில நாள் ஏதோ சொல்ல வந்து, "ஒண்ணுமில்லை..." என்று டீயைக் குடித்துவிட்டுப் போவான். அந்த ஒண்ணுமில்லைக்கு அவள் தனக்குப் பிடித்தமாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்ய காலையில் ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆனது.

மூன்றாம் வாரம் புதன்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

"அதே எரர் இருபத்தி நாலு தடவை வந்திருக்கு. ஒழுங்கா சரி பண்ணியிருந்தா ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு மேலிடத்துல கேக்கிறாங்கம்மா. வெள்ளிக்கிழமையோட உன் ஒப்பந்தம் முடியுது. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"காரணம் அந்தக் குறிப்பு சார். ஒப்பந்த ஆளுங்க அதைத் திருத்த முடியாது."

"அப்போ எழுதினவரை வந்து சொல்லச் சொல்லு."

மேஜைக்குத் திரும்பியவள், இத்தனை நாள் கோபத்தில் தோன்றாத ஒன்றைச் செய்தாள். குறிப்பு இருந்த அந்தப் பக்கத்தின் அடியில் 'பழைய திருத்தங்கள்' என்று பொடி எழுத்தில் இருந்ததை அழுத்தினாள். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் ஒரு பெயர்.

இழுப்பறையைத் திறந்தாள். மவுஸ் சீட்டு, திரைச் சீட்டு, மழை நாளின் சீட்டு... எல்லாவற்றிலும் அதே பெயர்.

பதினோரு மணிக்கு இரண்டு கோப்பையோடு வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான். திரையைப் பார்த்தான். டீயை வைக்கக்கூட இல்லை.

"அந்த மகான் நீங்கதானா?"

"...ஆமா. அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன். நீங்க ஸ்டேப்ளரைக் காட்டினீங்க..."

"விளையாடாதீங்க. என்னோட ரெண்டு மெயில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. "படிச்சேன். கீழ்த்தளத்துல உக்காந்திருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்னு... விட்டுட்டேன். அப்போ உங்களைத் தெரியாது."

அவள் கண் நிறைந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"என்னைத் தெரியலைன்னா என் வேலை பொய்யாயிடுமா? ரெண்டு வாரமா எதிர்ல உக்காந்து டீ குடிச்சீங்களே... ஒரு வரி மாத்தத் தோணலையா? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எனக்கு வேலை இருக்குமான்னே தெரியலை. போங்க. சீட்டு இல்லாம இங்க யாரும் நிக்கக்கூடாது."

அவன் போனான். டீயையும் எடுத்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் வீட்டில் அக்கா தட்டில் போட்டதை அவள் தொடவில்லை. நடந்ததை எல்லாம் பொரிந்து தள்ளினாள். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோபம் அந்தக் குறிப்பு மேலயா, அந்தப் பையன் மேலயா?" என்றாள்.

"குறிப்பு மேலதான்!"

"குறிப்பு மேல கோபப்பட்டு யாரும் பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லைடி."

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

வியாழன் பதினோரு மணிக்கு யாரும் வரவில்லை. நிம்மதி என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே லிஃப்ட் கதவை ஒன்பது தடவை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேலாளர் அறைக்குள் நுழைந்தாள். அவர் தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். காலை எட்டு மணிக்கு, எட்டு மாடிக்கும் போன மெயில்.

'நாலு வருஷமாக நீங்கள் பின்பற்றிய குறிப்பை எழுதியது நான். அது தவறு. கீழ்த்தளத்து உதவி மேஜையிலிருந்து இரண்டு முறை எச்சரித்தார்கள். படித்தும் அலட்சியம் செய்தேன். திரும்பத் திரும்ப எரர் வந்ததற்குக் காரணம் அவர்கள் வேலை அல்ல, என் திமிர். சரியான முறை இனி இதுதான்.'

கீழே, அவள் அன்று பேசிய பேச்சு வரிசையாக இருந்தது. திறந்திருக்கும் ஜன்னல்களை மூடுங்கள், சுருக்கி வைப்பது மூடுவது ஆகாது. பழைய ஃபோல்டரை அழியுங்கள். பாகங்கள் உங்கள் சொந்த ஃபோல்டருக்குள் இறங்கட்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம். கடைசி வரி: 'இதற்கு மேலும் சிக்கல் என்றால் டாக்டரிடம் போங்கள். மறக்காமல் சீட்டு எழுதுங்கள்.'

"நேத்து மீட்டிங்லயும் எழுந்து இதையேதான் சொன்னான்" என்றார் மேலாளர். "தலைமைப் பொறுப்பு இந்தத் தடவை அவனுக்கு இல்லை. தெரிஞ்சுதான் சொன்னான். சரி, உன் ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டியாச்சு. இனிமே அந்தப் பக்கத்தை நீயே திருத்தலாம். போய் வேலையைப் பாரும்மா."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். பத்தே முக்கால். பத்து ஐம்பது. பதினொன்று... லிஃப்ட் திறந்தது. யாரோ. மறுபடி திறந்தது. வேறு யாரோ.

வரமாட்டான். சீட்டு இல்லாமல் நிற்கக்கூடாது என்று விரட்டியது அவள்தானே? இப்போது வந்தால், செய்த நல்லதுக்குக் கூலி கேட்க வந்தது போல ஆகிவிடும் என்று நினைப்பான். நெட்டைக்கு அந்த ரோஷம் உண்டு.

அவள் புகார்ச் சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு சீட்டைக் கிழித்தாள். நாலு வரி எழுதினாள். மேஜையில் 'இதோ வருகிறேன்' பலகையை வைத்துவிட்டு லிஃப்டில் ஆறை அழுத்தினாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஆறாவது மாடியில் தலைகள் நிமிர்ந்தன. ஜன்னல் ஓரத்தில் அவன் முதுகு தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே மழை பிடித்திருந்தது. பக்கத்தில் போய், வாயைத் திறக்காமல் சீட்டை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் படித்தான்.

'என்ன பிரச்சினை: பதினோரு மணிக்கு டீ இறங்கவில்லை. எப்போதிலிருந்து: புதன்கிழமையிலிருந்து. செய்து பார்த்த வைத்தியம்: கோபம். பலன்: இல்லை.'

திரும்பினான். திருதிருவென்று விழித்தான். மழை நாளில் பார்த்த அதே கண்கள்... பயந்துபோய், பாவமாய். அப்புறம் அவசரமாகப் பேனாவைத் தேடினான்.

"எழுத வேண்டாம்" என்றாள். "நீங்க எழுதி வச்சு நாலு வருஷம் பட்டது போதும். வாயால சொல்லுங்க."

"எல்லாரும் பார்க்கிறாங்க..."

"எட்டு மாடிக்கும் மெயில் போட்டப்போ பார்க்கலையா?"

அவன் எழுந்தான். எழுந்ததும் இன்னும் நெட்டையானான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அன்னிக்குக் குடையை மடக்கினப்பவே... இல்லை, நீங்க திட்ட வாயைத் திறந்துட்டு நிறுத்தினீங்களே, அப்போ. அப்பவே பிடிச்சுப்போச்சு. உண்மையைச் சொன்னா அடுத்த நாள் வர முடியாதேன்னு பயந்து தள்ளிப் போட்டேன். அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. குறிப்பு எல்லாம் அப்புறம்தான். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். அவளுக்குக் காது மடல் மறுபடி சுட்டது. இந்தத் தடவை மறைத்துக்கொள்ளத் திரை எதுவும் கிடைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

"எனக்கும்தான்" என்றாள். "தலைமைப் பொறுப்பு போச்சாமே... வருத்தமா?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். மூன்று நாளாக உள்ளே அடைத்துக்கொண்டிருந்த சிரிப்பு.

"சரி, வாங்க. தெரு முனையில போய் டீ குடிக்கலாம். குடையை எடுத்துக்கோங்க... லேப்டாப்பை இங்கேயே வச்சுட்டு வாங்க."