லிமிட் கல்

ராயபுரத்திலிருந்து கொருக்குப்பேட்டைக்குப் போகும் சரக்கு ரயில் பாதை ஓரமாக அம்புரோஸ் வண்டியை நிறுத்தியபோது மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்துக்கொண்டிருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாக்கடையும் கரித்தூளும் கலந்து ஊறிய வாசனை. அவனுக்கு அது பழகிய வாசனைதான். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

அம்புரோஸ் துப்புரவு காண்ட்ராக்டில் மேஸ்திரி. தண்டவாள ஓரத்தில் கூடாரம் போட்டுக் கிடப்பவர்களைக் கிளப்பிவிட்டு, இடத்தைக் கூட்டிப் பெருக்கிக் கொடுப்பது அவன் வேலை. போன வாரமே எல்லாரையும் விரட்டியாயிற்று. நாளைக் காலை ஆபீசர்கள் பார்வையிட வருகிறார்கள். இந்த நேரம் பார்த்து முதலாளி போன் போட்டார். ஒரே ஒரு நீலத் தார்ப்பாய் மட்டும் இன்னும் நிற்கிறதாம். விடிவதற்குள் அது போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அம்புரோஸ் போக வேண்டியதுதான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தார்ப்பாய் நின்றுகொண்டுதான் இருந்தது. லிமிட் கல்லுக்கு மேலேயே.

மூலையில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த தார்ப்பாய். அவனே தன் கையால் குப்பை லாரியில் ஏற்றி அனுப்பியது. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போன சாமான் திரும்பி வந்ததாக யாராவது கேள்விப்பட்டதுண்டா?

லிமிட் கல் என்பது முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல், அவ்வளவுதான். கல்லுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அதைச் சுத்தம் செய்வது கமால் என்ற இன்னொரு மேஸ்திரியின் பொறுப்பு. இந்தப் பக்கம் தெரு, அது அம்புரோஸின் தலையில். செத்த நாய் கிடந்தாலும் சரி, உடைந்த கட்டில் கிடந்தாலும் சரி, எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பார்கள். இரண்டு மேஸ்திரிகளுக்கும் பதில் ஒன்றே. அந்தப் பக்கம். காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவார்கள். அப்படி ஒரு தோஸ்து.

சிவந்தி விஷயத்திலும் அதையேதான் செய்தார்கள்.

சிவந்தி பிளாஸ்டிக் பொறுக்குகிறவள். போன வாரம் எல்லாரும் மூட்டை கட்டியபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஜுரத்தில் உடம்பு கொதித்தது. பொக்லைன் வந்து உறுமிக்கொண்டு நின்றது. கூட்டுகிற வேலைக்கு வந்த ராமசெல்வி ஆம்புலன்சுக்குச் சொல்லப் போனபோது அம்புரோஸ் அவள் போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் வேலை கெடும் என்றான். சிவந்தியைத் தார்ப்பாயோடு சுருட்டிக் கல்லுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டான். சாயங்காலம் கமால் வந்து இந்தப் பக்கம் இழுத்துப் போட்டான். மறுநாள் காலை இவன், மதியம் அவன். இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடப்பாவிகளா, அது என்ன மூட்டையா?

கடைசித் தடவை அவள் இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டாள்.

"நீயே சொல்லு நைனா. நான் எந்தப் பக்கம் சாவணும்?"

"அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அம்புரோஸ் பீடியைப் பற்றவைத்தான்.

அவள் கல்லின் மேலேயே செத்துப்போனாள். தலை தெருவில், கால் தண்டவாளத்துப் பக்கம். எடுப்பது யார் பொறுப்பு என்று பேசிப் பேசியே உடம்பை மழையில் ஊறவிட்டார்கள். கையைக் கல்லிலிருந்து பிரிக்கக் கடப்பாரை தேவைப்பட்டது.

இப்போது அந்தத் தார்ப்பாயைப் பார்த்தபடியே அம்புரோஸ் கமாலுக்குப் போன் போட்டான். இதெல்லாம் அவன் செய்த குறும்பாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. எடுத்தது கமாலின் மனைவி சாபிரா. அவள் குரல் அழுது அழுது கட்டியிருந்தது.

"வாசப்படியிலயே படுத்துகினு கீறாருண்ணா. உள்ள இழுத்தாலும் கத்துறாரு, வெளிய இழுத்தாலும் கத்துறாரு. ரெண்டு கையாலயும் நிலையப் புடிச்சுகினு வுட மாட்டேன்றாரு."

அம்புரோஸ் போனை அணைத்தான். தார்ப்பாயை விட்டு இரண்டடி பின்னால் போனான். ஆனால் வேலை போனால் சோறு யார் போடுவார்கள்? துணைக்குக் கூட்டி வந்திருந்த ராமசெல்வியைக் கூப்பிட்டான். அவள் தெருமுனையிலேயே நின்றுகொண்டு, என் தலையே போனாலும் அதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சரி, நாமே இழுப்போம் என்று குனிந்தான்.

கனத்தது.

வெறும் தார்ப்பாய் இப்படிக் கனக்குமா? மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூச்சைப் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து, கல்லைத் தாண்டித் தண்டவாளத்துப் பக்கம் சரசரவென்று இழுத்தான். தைல வாசனை குப்பென்று அடித்தது. ஜுரக்காரி நெற்றியில் தடவியிருந்த அதே தைலம்.

தார்ப்பாயை விட்டுவிட்டு நிமிர்ந்து முதுகைத் தேய்த்தான்.

காலடியில் தார்ப்பாய் இல்லை.

கல்லுக்கு அந்தப் பக்கம், தெருவில் கிடந்தது. இழுத்த தடம் மட்டும் சேற்றில் இவன் கால்வரை வந்து நின்றது.

காற்று இல்லை. தூரத்தில் கூவிய ரயிலும் அடங்கிவிட்டது. தார்ப்பாய் மெல்ல ஏறி இறங்கியது.

உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

"எந்தப் பக்கம் நைனா?"

ஓடியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். ஆனால் ஆயிரம் தடவை சொன்ன வாயாயிற்றே, கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வந்துவிட்டது.

"அந்தப் பக்கம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவள் தெருவில் கிடக்கிறாள். அவளுக்கு அந்தப் பக்கம் என்றால், இவன் நிற்கிற பக்கம்.

"சரி நைனா."

ஈரமான விரல்கள் கணுக்காலைப் பிடித்தன. அலறிக்கொண்டு தெருப் பக்கம் பாய்ந்தான். பாதி தூரம்தான் முடிந்தது. இடுப்பு கல்லின் மேல் மோதியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அதற்கப்புறம் கால் இருப்பதாகவே தெரியவில்லை.

ராமசெல்வி ஓடிவந்தாள். தெருவில் வேறு யாரும் இல்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, முதலாளிக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மேஸ்திரிக்கு அடிபட்டுவிட்டது என்றாள். முதலாளி கேட்ட முதல் கேள்வி அம்புரோஸின் காதிலும் விழுந்தது.

"ஆள் எந்தப் பக்கம் கிடக்கிறான்?"

அவள் கல்லைப் பார்த்தாள்.

"காலையில ஆபீசருங்க வர்றாங்க. நம்ம லிமிட்ல எதுவும் ஆனதா இருக்கக் கூடாது. கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திடும்மா."

அம்புரோஸ் இரண்டு கையாலும் கல்லைக் கட்டிக்கொண்டான். சின்னப் பிள்ளைபோல அழுதான். நகர்த்தாதே செல்வி, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினான். அவள் நகர்த்தவில்லை. தண்டவாளத்துப் பக்கம் கிடந்த அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை கொஞ்சம் கொஞ்சமாக விறைத்து நீண்டன. இடைவெளி விட்டு விட்டு, யாரோ நிதானமாக இழுப்பதுபோல. ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் கண் திறந்தபடி இருந்தது. கையைப் பிரிக்க அதே கடப்பாரைதான் வந்தது.

பார்வையிட வந்த ஆபீசர்கள் இடம் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

புது மேஸ்திரியாக எர்ணாவூர் அலெக்ஸாண்டர் வந்தான். வேலையில் சேர்ந்த வாரத்திலேயே, நல்ல வெயிலில், தெருவைக் கூட்டிக்கொண்டிருந்த ராமசெல்வியிடம் வந்து சலித்துக்கொண்டான். கல்லுக்கு மேலே எவனோ நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறான், காலையில் கண்ணில் படவே இல்லையே என்றான். பதிலுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று போய்க் குச்சியால் அதைத் தட்டினான்.

உள்ளே பீடி நாற்றம். ஆண் குரல், இருமிக்கொண்டே கேட்டது.

"எந்தப் பக்கம் நைனா?"

"இதென்ன கேள்வி? அந்தப்—" என்று அலெக்ஸாண்டர் தொடங்கியபோது, ராமசெல்வி துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடிவந்து அவன் வாயைப் பொத்தினாள்.